படகு மறைத்த ஜன்னல்

இப்போதெல்லாம் கப்பலில் ஜனங்கள் காசு கொடுத்து ஜன்னல் வாங்குகிறார்கள். வாங்கினதும் முதல் வேலையாகத் திரையை இழுத்து மூடிவிட்டு, படுக்கையில் சாய்ந்து, கைப்பேசியில் கடல் பார்க்கிறார்கள். நிஜக் கடல் வெளியே சும்மா கிடக்கிறது. முட்டையைப் படம் எடுக்காமல் வாயில் வைப்பதில்லை. எடுத்து முடிப்பதற்குள் முட்டை ஆறிவிடுகிறது. அதற்கும் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள். இதையெல்லாம் பார்க்கப் பார்க்க கிளாரி பாக்ஸாலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

‘கோரல் வாட்டில்’ என்ற அந்த உல்லாசக் கப்பல் சிட்னியை விட்டுக் கிளம்பியதிலிருந்தே அவருக்கு அப்படித்தான். ஆயுசு முழுக்க நியூகாசில் துறைமுக வாசலில் காவல் நின்ற மனிதர். எவன் கோட்டுக்குள் என்ன போகிறது என்பதை நடையை வைத்தே சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்தை அவர் விட்டாரா, பள்ளிக்கூடம் அவரை விட்டதா என்பதில் மட்டும் பேட்டையில் இரண்டு பேச்சு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு அங்கே எது காணாமல் போனாலும், புல்வெட்டும் இயந்திரமோ, பந்தயப் புறாவோ, ஒருமுறை ஒரு புருஷனோ, ஜனங்கள் போலீசுக்கு முன்னால் கிளாரியிடம்தான் வந்தார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. போலீஸ் பாதிப் பேரை நம்பிவிடும். கிளாரி யாரையும் நம்பமாட்டார்.

கப்பலுக்கு அவரை இழுத்துவந்தவன் பெர்ஸ் டாலி. செத்துப்போன மனைவி ஈடியின் தம்பி. மதுக்கடையில் பீர் ஊற்றியே வளர்ந்த வாய், எழுபது வயதிலும் மூடவில்லை. பேட்டை மன்றத்துப் பரிசுக் குலுக்கலில் அவனுக்கு வழக்கமாக ஒரு தட்டு இறைச்சி விழும். இந்தத் தடவை இரண்டு பேருக்குக் கப்பல் பயணம் விழுந்தது. இதில் ஏதோ கொக்கி இருக்கிறது என்று கிளாரி அன்றைக்கே சொன்னார்.

கொக்கி இருந்தது. அறைக்குள் போய்த் திரையை விலக்கினால், ஜன்னலை அடைத்துக்கொண்டு ஓர் உயிர்காக்கும் படகு தொங்கியது. ஏழாம் நம்பர் என்று அதன் விலாவில் எழுதியிருந்தது. இவர்கள் ஜன்னல், பக்கத்து ஜன்னல், அதற்கும் பக்கத்து ஜன்னல், மூன்றையும் அது ஒன்றே மறைத்தது. ‘பார்வை சற்றே மறைக்கப்பட்ட அறை’ என்று கப்பல்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

“கப்பல் கவுந்தா நமக்குத்தான் மச்சான் முதல் வரிசை” என்று பெர்ஸ் சமாதானம் சொன்னான்.

அன்று காலை கப்பல் லிஃபூ தீவுக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்தது. இவ்வளவு பெரிய கப்பல் ஒட்டி நிற்க அங்கே துறை கிடையாது. ஜனங்கள் சின்னப் படகுகளில் ஏறிக் கரைக்குப் போனார்கள். கிளாரி போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வந்து உட்கார்ந்தபோது இடது கன்னம் வழவழவென்று இருந்தது. வலது கன்னத்தில் வெள்ளைத் தாடி முள் அப்படியே நின்றது. நடுவில் ஒரு வெட்டு, அதன்மேல் காகிதத் துண்டு.

“பாதி மூஞ்சி கல்யாணத்துக்கு, பாதி மூஞ்சி சாவுக்கா?” என்றான் பெர்ஸ்.

“கேக்காதே. எல்லாம் உன்னாலதான். குளியலறைக்குள்ள போனா அங்கேயே குடித்தனம் நடத்தற” என்று கிளாரி அதோடு பேச்சை முடித்தார்.

சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பியபோது படுக்கையில் துண்டு வெறும் துண்டாகக் கிடந்தது. அதுவே விசேஷம். அறையைக் கவனிக்கிற லோசலினி, ஃபிஜிக்காரப் பெண், தினமும் துண்டை யானையாகவோ ஆமையாகவோ மடித்து வைத்துவிட்டுப் போவாள். கிளாரி தினமும் அதைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். இன்றைக்கு மிருகமும் இல்லை, சிரிப்பும் இல்லை. தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தவளின் கண் சிவந்திருந்தது.

பெர்ஸ்தான் கேட்டு வாங்கினான். இரண்டு அறை தள்ளியிருக்கும் மிஸஸ் வெர்னா ஸ்ட்ரவுட்டின் ஓப்பல் கல் பதித்த மோதிரம் காணவில்லை. இவள்தான் எடுத்தாள் என்று அந்த அம்மாள் சாதிக்கிறாள். நாளைக் காலை கப்பல் நூமியாவைத் தொட்டதும் இவளை இறக்கி ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். இப்படி இறக்கிவிட்ட பெண்ணை அப்புறம் வேறெந்தக் கப்பலும் ஏற்றாது. அவள் ஊரான லவுடோக்காவில் புயல் தூக்கிக்கொண்டு போன வீட்டுக்கு இவள் சம்பளத்தில்தான் கூரை ஏறிக்கொண்டிருந்தது. பாதிக் கூரை ஏறியிருந்தது.

கிளாரி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். “எடுத்தியா?”

“இல்லீங்க ஐயா.”

“எடுத்தவங்களும் அதைத்தான் சொல்வாங்க.”

“அப்போ எடுக்காதவங்க என்னங்க ஐயா சொல்லணும்?”

நாற்பது வருஷம் வாசலில் நின்றும் அந்தக் கேள்வியை எவனும் கிளாரியைக் கேட்டதில்லை. கடைசியில், காலையில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார். நடந்தது அதிகமில்லை. ஜனங்கள் கரைக்குப் போனபிறகு இவள் அந்த அறைக்குப் போனாள். அந்த அம்மாள் முழங்கால் வலி என்று உள்ளேயே இருந்தாள். விளக்குப் போட்டுத் திரை மூடியிருந்தது. அந்த அறையில் பகலில் பெரும்பாலும் அப்படித்தான். கூட்டினாள், குப்பையை எடுத்தாள், வெளியே வந்தாள். அரை மணியில் இவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் போனதும் பெர்ஸ் கேட்டான்: “நம்பறியா மச்சான்?”

“இல்ல. அந்தம்மாவையும் நம்பல. வா, மேல்தட்டுக்குப் போவோம்.”

மேல்தட்டில் வெர்னாவின் அக்கா க்வெண்டா பாஸ்கோ இருந்தாள். லிஃபூவில் குளித்துவிட்டு வந்த ஈரத் தலையோடு, தேநீரையும் தேங்காய்ப்பூ தூவிய லாமிங்டன் கேக்கையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெர்ஸ் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “என்ன கண்ணு, தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அதற்கப்புறம் அவனுக்கு வேலை இருக்கவில்லை.

மோதிரம் அம்மாவுடையது. லைட்னிங் ரிட்ஜ் சுரங்கத்தில் அப்பா தன் கையால் தோண்டி எடுத்த கறுப்பு ஓப்பல். அம்மா சாகும்போது இரண்டு பெண்களுக்கும் பொதுவாக விட்டுப் போனாள். ஒரு வருஷம் இவள் கையில், ஒரு வருஷம் அவள் கையில். அம்மாவின் பிறந்தநாளன்று கைமாற வேண்டும். இவள் டூவூம்பாவில் இருக்கிறாள், அவள் ஒரு பகல் பயணத் தொலைவில், டப்போவில். நாளைக்குத்தான் பிறந்தநாள், இந்தத் தடவை வாங்கிக்கொள்வது க்வெண்டாவின் முறை. இந்த வருஷம் நூமியாவில் வைத்துக் கைமாற்றலாம் என்றுதான் இருவரும் கப்பலே ஏறினார்கள். ஓப்பல் வலுவில்லாத கல், பாத்திரம் கழுவும்போது கழற்றி வை என்று க்வெண்டா வருஷா வருஷம் சொல்லித்தான் கொடுப்பாளாம். வெர்னா வருஷா வருஷம் கோபித்துக்கொண்டுதான் வாங்குவாளாம்.

எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், கேக்கின் தூளைத் தட்டிக்கொண்டே, போகிற போக்கில் ஒன்று சொன்னாள். கிளம்புவதற்கு முன்னால் கப்பல் ஆபீசிலிருந்து வெர்னாவுக்கு இரண்டு தடவை போன் வந்தது. க்வெண்டாவின் அறைக்குப் பக்கத்திலேயே, கடல் முழுசாகத் தெரிகிற அறை, ஒரு காசு கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். வெர்னா வேண்டாம் என்றுவிட்டாள். அவளைப் பார்க்க இப்போது அரைக் கப்பல் நடக்க வேண்டியிருக்கிறது.

கிளாரியின் காது நிமிர்ந்தது. அவர் எழுந்து நடக்க, பெர்ஸ் அவசரமாக மிச்சக் கேக்கை வாயில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினான்.

“கேட்டியா? சும்மா குடுத்த நல்ல அறையை வேணாம்னிருக்கா. படகு அடைச்ச ஜன்னல்தான் வேணும்னு ஒருத்தி ஏன் பிடிவாதம் பிடிக்கறா?”

“வெயில் ஆகாதோ என்னமோ.”

“ஓசில வர்றதை எவனும் வேணாம்னு சொல்லமாட்டான்டா. சொன்னான்னா உள்ள ஏதோ இருக்கு. அந்த ஜன்னல்லதான் விஷயம்.”

அடுத்து அவர்கள் போனது கிர்ரிலி டன்னிடம். அறைகள், சாப்பாடு, வேலையாட்கள் எல்லாம் அவள் மேற்பார்வை. சட்டையில் பெயர் குத்தியிருப்பாள். சிரிப்பையும் அதோடு சேர்த்துக் குத்திவிட்டாற்போல அது முகத்தை விட்டு நகராது. லோசலினியின் படுக்கை, பெட்டி எல்லாம் சோதித்தாயிற்று, மோதிரம் இல்லை, கடலில் போட்டிருப்பாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பெண்ணை இறக்கிவிடுவதில் தனக்கும் வருத்தம்தான். ஆனால் மிஸஸ் ஸ்ட்ரவுட், மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும், கண்ணால் பார்த்திருக்கிறாரே.

“முதுகுலயா கண்ணு?” என்றான் பெர்ஸ்.

“ஜன்னல்ல பார்த்திருக்காங்க. நீங்களே வந்து பாருங்க” என்றாள் கிர்ரிலி.

வெர்னாவின் அறையில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தங்கையைப் பார்க்க அரைக் கப்பலும் நடந்து க்வெண்டாவும் வந்து சேர்ந்திருந்தாள். துண்டுகளோடு வந்த லோசலினியைக் கிர்ரிலி கதவோரம் நிறுத்தியிருந்தாள். வெர்னா ஒல்லியான அம்மாள். மடியில் பின்னல் பை, இரண்டு கையையும் அதற்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தாள். திரை மூடியிருந்தது, விளக்கு எரிந்தது.

கிளாரி சுற்றி வளைக்கவில்லை. நல்ல அறையை ஏன் வேண்டாம் என்றாள் என்று நேராகக் கேட்டார். கேட்டுவிட்டுப் பெர்ஸை ஒரு பார்வை பார்த்தார். இதோ மாட்டினாள் என்று அதற்கு அர்த்தம்.

வெர்னாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. “போன்ல எவனோ ‘வாழ்த்துகள் மேடம், உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கோம், இலவசமா ஒண்ணு தர்றோம்’னான். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? பேங்க் நம்பர் கேக்கறதுக்குள்ள வெச்சிட்டேன். மறுநாளும் பண்ணினான். போலீசைக் கூப்பிடுவேன்னேன்.”

பெர்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. கிளாரி வீட்டுப் போனை எடுத்து ‘ஹலோ’ சொன்ன நாள் அவன் நினைவில் இல்லை. எடுத்தவுடன் “எனக்கு எதுவும் வேணாம்” என்றுதான் ஆரம்பிப்பார். போன மாதம் கண் டாக்டருக்கே அதுதான் கிடைத்தது.

“துப்பு செத்துப்போச்சு மச்சான்” என்றான் அவன் காதில்.

கிளாரி அவனைக் கவனிக்கவில்லை. ஜன்னல்ல எப்படிப் பார்த்தீங்க, காட்டுங்க என்றார். வெர்னா அதற்குக் காத்திருந்தவள்போல எழுந்து திரையை விலக்கினாள். வெளியே ஏழாம் நம்பர் படகு அப்பிக்கொண்டு நின்றது. அதன் நிழலில் ஜன்னல் இருட்டிக் கிடக்க, அறை விளக்கில் கண்ணாடி நிலைக்கண்ணாடியாகவே மாறிவிட்டது. கிளாரியை அதற்கு எதிரே உட்கார வைத்தாள். காலையில் இதே இடத்தில்தான் பின்னிக்கொண்டிருந்தேன், பின்னால் மேஜை இழுப்பறையை இந்தப் பெண் திறந்தது இதில் தெரிந்தது, பயத்தில் திரும்பக்கூட இல்லை என்றாள்.

கிளாரி பார்த்தார். முதுகுக்குப் பின்னால் பெர்ஸ் மேஜைமேலிருந்த சாக்லெட்டை எடுத்துச் சட்டைப் பையில் போடுவது துல்லியமாகத் தெரிந்தது.

“சாக்லெட்டை வை.”

பெர்ஸ் வைத்தான். கிர்ரிலியின் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகன்றது. கதவோரத்தில் லோசலினி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாள் சொன்னதில் ஓட்டை இல்லை.

கிளாரி எழுந்திருக்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழவழப்பு, பாதி முள். வலது கன்னத்தை மெதுவாகத் தடவினார்.

“காலைலயும் இதே மாதிரிதான் இருந்துச்சா? படகு இங்கேயே நின்னுதா?”

“அது எங்க போகும்? சிட்னிலேருந்து அதோட வயித்தைத்தானே பார்த்துட்டு வர்றேன்.”

“எல்லாரும் கரைக்குப் போனதுக்கு அப்புறம்தானே பார்த்தீங்க?”

“ஆமா. அக்கா போய்க் கொஞ்ச நேரம் ஆச்சு.”

“பெர்ஸ், நான் ஏன் பாதி சவரத்தோட திரியறேன்?”

“அதைத்தானே மச்சான் மத்தியானமே கேட்டேன்.”

“நீ குளியலறையை விடமாட்டே. அதனால நான் தினம் ஜன்னலைப் பார்த்துத்தான் சவரம் பண்றேன். படகு பின்னால நிக்கறவரைக்கும் அதுவும் கண்ணாடிதான். இன்னிக்கு இடது பக்கம் முடிச்சிட்டு வலது பக்கம் கத்தியை வெச்சேன். கடகடன்னு ஒரு சத்தம். படகு கீழே இறங்கிப் போயிடுச்சு. வெயில் மூஞ்சில அடிக்குது. என் கன்னம் இருந்த இடத்துல பைன் மரமும் மணலும் நிக்குது. அப்ப வெட்டினதுதான் இது.” காகிதத் துண்டைத் தொட்டுக் காட்டிவிட்டு வெர்னா பக்கம் திரும்பினார். “ஒரே படகுதான் ரெண்டு ஜன்னலுக்கும். இன்னிக்குக் காலைல உங்க ஜன்னல்ல லிஃபூ தெரிஞ்சிருக்கும். உங்க மேஜை தெரிஞ்சிருக்காது. திரையைத் திறந்திருந்தா இது உங்களுக்கே தெரியும்.”

கிர்ரிலி ரேடியோவில் யாரிடமோ இரண்டு வார்த்தை கேட்டாள். பதில் கரகரவென்று எல்லோருக்கும் கேட்டது. ஜனங்களைக் கரைக்கு ஏற்றிப்போன படகுகளில் ஏழும் ஒன்று. சாப்பாட்டு வேளைக்குப் பிறகுதான் மேலே ஏற்றினார்கள். அவள் சிரிப்பு முதல் தடவையாக முகத்தை விட்டு இறங்கியது. சிரிக்காதபோது அவள் நல்ல மனுஷியாகத் தெரிந்தாள்.

“ஏழுலதான் நான் போனேன்” என்றாள் க்வெண்டா மெதுவாக. “படகுலேருந்து உன் ஜன்னலைத் தேடினேன் வெர்னா. கை காட்டலாம்னு. அந்தப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல்தான் திரை மூடியிருந்தது.”

வெர்னா அக்காவைப் பார்க்கவில்லை. பின்னல் பையிலிருந்து ஒரு நூல் பந்தை எடுத்தாள். சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். நடுவிலிருந்து மோதிரம் வந்தது. கல் இருந்த இடத்தில் ஒரு குழி. தொலைத்தவள் அறையைச் சோதிக்க வேண்டும் என்று இந்தக் கப்பலில் யாருக்கும் தோன்றவில்லை. அது எவருக்குமே தோன்றுவதில்லை.

“வீட்டுல பாத்திரத் தொட்டிக்குள்ள கையை விட்டேன்க்கா” என்றாள். “கழட்டலை. கல்லு போயிடுச்சு. குழாயை ஆள் வெச்சுக் கழட்டிக்கூடப் பார்த்தேன்.” அப்புறம் கதவைப் பார்த்து, “வேலையை விட்டு அனுப்புவாங்கன்னு நான் நினைக்கலம்மா. கப்பல்காரங்க மன்னிப்புக் கேட்டுட்டு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்” என்றாள்.

“என்கிட்ட யாரும் மன்னிப்புக் கேக்கலீங்களே” என்றாள் லோசலினி. அவள் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

வெர்னா கேட்டாள். கிர்ரிலியும் கேட்டாள். லோசலினி தலையசைத்துவிட்டு, இன்னும் நாலு அறை பாக்கி இருக்கிறது, போகலாமா என்றாள். நாளைக்கு நூமியாவில் அவள் இறங்கவேண்டாம் என்று கிர்ரிலி எல்லோர் முன்னாலும் சொல்ல, அந்தப் பெண் துண்டுகளை மார்போடு அணைத்தபடி அடுத்த அறைக்குப் போனாள்.

க்வெண்டா திட்டப்போகிறாள் என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் அந்தக் குழியை விரலால் தடவினாள்.

“டப்போவுக்கு வர்றதுக்கு எனக்கு இருந்த சாக்கே இது ஒண்ணுதான்டி. இனிமே என்ன சொல்லிட்டு வருவேன்?”

கிளாரி சட்டென்று எழுந்து வெளியே வந்தார். அழுகைக்கு முன்னால் நிற்பது அவருக்கு ஆகாது. நடைபாதையில் கிர்ரிலி அவர்களைப் பிடித்துவிட்டாள். சிரிப்பு திரும்பியிருந்தது. கப்பல் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது மிஸ்டர் பாக்ஸால் என்றாள். ஒன்பதாம் தளத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். தனி பால்கனி. மறைப்பு ஒன்றும் இல்லாமல் முழுக் கடல். குளியலறை இரண்டு. இப்போதே பெட்டியை மாற்றிவிடலாம், முற்றிலும் இலவசம்.

பெர்ஸ் கண்ணை மூடித் திறந்தான். “ரெண்டு குளியலறை மச்சான்.”

கிளாரி அவளை மேலிருந்து கீழே பார்த்தார். துறைமுக வாசலில் தடித்த கோட்டுக்காரனை அப்படித்தான் பார்ப்பார். “எதுல கையெழுத்துப் போடணும்?”

“எதுலயும் வேண்டாம்.”

“அந்த அறை ஏன் காலியா இருக்கு?”

“வரவேண்டியவங்க வரலை.”

“ஏன் வரலை?”

அது கிர்ரிலிக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னாள். அதுதான் அவள் செய்த தவறு. எங்களுக்கு எதுவும் வேணாம் என்று சொல்லிவிட்டுக் கிளாரி நடந்தார். பெர்ஸ் பால்கனி இருக்கிற திசையை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் பின்னால் வந்தான்.

“மச்சான், ஓசில வர்றதை எவனும் வேணாம்னு சொல்லமாட்டான், சொன்னா உள்ள ஏதோ இருக்குன்னியே.”

“அது வேற, இது வேற.”

“உள்ள என்ன இருக்குன்னு நான் யாரைக் கேக்கறது?”

கிளாரி நிற்கவில்லை. “போன்ல ஏமாத்துக்காரன்னு நினைச்சாளாம். ரெண்டு தடவை. நம்பற மாதிரியா இருக்கு?” என்று தனக்குள் முனகிக்கொண்டே, முள் நின்ற கன்னத்தைச் சொறிந்தபடி, ஏழாம் நம்பர் படகு தொங்குகிற பக்கமாக நடந்து போனார்.